பொம்மைக்கு இருமத் தெரியாது

நர்சிங் கல்லூரியில் அவளுக்கு 'மெதுவா மேடம்' என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர்தான். ஊசி குத்தினாலும் மெதுவா, கட்டுப் பிரித்தாலும் மெதுவா, படிக்கட்டில் இறங்கினாலும் மெதுவா என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அந்த மெதுவாவுக்குப் பின்னால் இருப்பது பொறுமை என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். பாவம், அது பயம்.

பயம் அவளோடு கூடப்பிறந்தது. கூடப்பிறந்த இன்னொன்று அக்கா. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், வாசலில் யாராவது கதவைத் தட்டினால் பயம் என்று தங்கை வளர, அக்கா அப்படியே நேர்மாறாக வளர்ந்தாள். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு தையல் மிஷினை மிதித்தபடியே ஊரில் உள்ள அத்தனை பேரையும் பிரித்து மேய்வாள். வாயாடி என்று பெயரெடுத்தவள், அதற்காகக் கொஞ்சமும் வருத்தப்பட்டதில்லை.

"இவ நர்ஸாகப் போறாளாம். அடுத்தவங்களுக்கு ஊசி போடறதுக்கு முன்னாடி இவளுக்கு யாராவது ஒண்ணு போடணும்" என்று சொல்லிக்கொண்டேதான் தங்கையின் முதல் வெள்ளைச் சீருடையைத் தைத்துக் கொடுத்தாள். இரண்டு பக்கமும் முழங்கால்வரை இறங்குகிற பாக்கெட். எதற்கு இவ்வளவு ஆழம் என்று கேட்டதற்கு, "கை நடுங்கினா உள்ள விட்டுக்கோ. யாருக்கும் தெரியாது" என்றாள். அந்தப் பாக்கெட் இல்லாவிட்டால் மேடம் படிப்பை முடித்திருக்கவே மாட்டாள்.

படித்து முடித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். வார்டு நிறைய நோயாளிகள், தரையில் பாய் விரித்துப் படுத்தவர்கள் வேறு. நர்ஸ் என்று இருந்தது அவள் ஒருத்தி. கூட இருக்கவேண்டியவர்கள் எல்லாம் எங்கே என்றால், பாதிப் பேர் வெளிநாடு போய்விட்டார்கள், மீதிப் பேர் போவதற்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் ஒருவருக்கு டிரிப் மாற்றிக்கொண்டிருந்தபோது, ஜன்னலோரக் கட்டிலிலிருந்து ஒரு மனிதர் "சிஸ்டர்" என்று கூப்பிட்டார். இதோ வரேன் என்றாள். மறுபடியும் கூப்பிட்டார். இதோ என்றாள். அப்புறம் அவர் கூப்பிடவில்லை. டிரிப்பைச் சரிசெய்துவிட்டு நிம்மதியாகப் போய்ப் பார்த்தால், கூப்பிட ஆள் இல்லை.

யாரும் அவளைத் திட்டவில்லை. "நீ என்னம்மா பண்ணுவே, ஒருத்திதானே" என்று டாக்டர்கூடச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. அதன் பிறகு கடைத்தெருவில் யாராவது யாரையாவது சிஸ்டர் என்று கூப்பிட்டால்கூட அவள் வாங்க வந்ததை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். வார்டு வாசலில் கால் வைத்தாலே உள்ளங்கை வேர்த்தது. விட்டால் போதும் என்று வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, பாடம் சொல்லிக் கொடுக்க வந்துவிட்டாள். தைரியசாலிகள் எல்லாம் விமானம் ஏறிவிட, சொல்லிக் கொடுக்க மிஞ்சியவர்கள் இப்படித்தான் மிஞ்சினார்கள்.

கல்லூரி என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கீழே செருப்புக் கடை, மேலே கல்லூரி. அதன் தாளாளர் அதுவரை மரச்சாமான் வியாபாரம் செய்தவர். கல்லூரி ஆரம்பித்தால் நல்ல வரும்படி என்று யாரோ சொல்ல, ஆரம்பித்துவிட்டார். செய்முறை அறையில் கிடந்த கட்டில்களும் அவர் கடையிலிருந்து வந்தவைதான். தலைமாட்டில் செதுக்கிய ரோஜாவும் நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடியுமாக, புதுமணத் தம்பதிக்குச் செய்த கட்டில். அதில் கிடந்தாள் மகாராணி.

மகாராணி என்பது பிள்ளைகள் அந்தப் பொம்மைக்கு வைத்த பெயர். முழு உருவ ரப்பர் பொம்மை. ஊசி போடுவது, சிறுநீர்க் குழாய் வைப்பது, விழுங்க முடியாதவர்களுக்கு மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் இறக்கிப் பால் ஏற்றுவது என்று எல்லாப் பாடமும் அவள் மேல்தான் நடந்தது. மகாராணி நல்லவள், எத்தனை முறை குத்தினாலும் கத்தமாட்டாள். ஆனால் வந்த கொஞ்ச நாளிலேயே அவளுடைய வயிற்றுப் பை கிழிந்துவிட்டது. கழுத்தும் இறுகிப்போய், தலை எப்போதும் மல்லாந்து மோட்டுவளையையே பார்க்கும், குனியாது.

மூக்கில் குழாய் விடுவதில் ஒரு கண்டம் உண்டு. தொண்டைக்குள் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று வயிற்றுக்கு, இன்னொன்று நுரையீரலுக்கு. குழாய் வழிதவறி நுரையீரலுக்குள் போய், அது தெரியாமல் பாலை ஏற்றினால், படுத்திருப்பவர் பாலிலேயே மூழ்கிப் போவார். அதனால் குழாயை இறக்கியதும் காலி சிரிஞ்சை மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். வயிற்று நீர் வந்தால் சரி. வராவிட்டால் ஒரு சொட்டுக்கூட ஏற்றக் கூடாது.

மகாராணிக்கு வயிறே இல்லையே, நீர் எங்கிருந்து வரும்? மேடம் தாளாளரிடம் கேட்கத்தான் செய்தாள்.

"சார், அந்தப் பொம்மைக்கு ஒரு வயித்துப் பை வாங்கணும்."

"வாங்கலாம் மேடம். இந்த வருஷம் போகட்டும்."

"கழுத்தும் குனியமாட்டேங்குது."

"நமக்கே வயசானா குனிய முடியல, பொம்மைய ஏன் மேடம் கஷ்டப்படுத்துறீங்க?"

அவர் சிரித்தார். மேடமும் சிரித்துவைத்தாள். அந்த வருஷம் போனது, அடுத்ததும் போனது. பாடம் நடந்தாக வேண்டுமே. "வந்ததா நெனச்சுக்கோங்க. இழுத்துட்டு, 'வந்திருக்கு மேடம்'னு சொல்லுங்க" என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். குழாயை விட்டார்கள், சிரிஞ்சை இழுத்தார்கள், வந்திருக்கு மேடம் என்றார்கள். மேடம் தலையாட்டினாள். தலையாட்டினால் மார்க். நர்சிங் கவுன்சிலிலிருந்து சோதிக்க வந்த அம்மையார் முன்னாலும் ஒரு பெண் வெறும் சிரிஞ்சை இழுத்து வந்திருக்கு மேடம் என்றாள். அந்த அம்மையாரும் தலையாட்டினார். அப்புறம் எல்லோருமாகச் சாப்பிடப் போனார்கள்.

நிஜ ஆள்மேல் பழகத்தான் பிள்ளைகளை ஊரிலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே சம்பளமில்லாத ஆள் கிடைத்தால் சும்மா விடுவார்களா? படுக்கை விரிக்க, ஜுரம் பார்க்க, ரத்தக் குப்பியைத் தூக்கிக்கொண்டு ஓட, சக்கர நாற்காலி தள்ள என்று பிள்ளைகள் பம்பரமாகச் சுழன்றார்கள். பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. மேடம் போயிருக்கலாம், போகவேண்டியதும் அவள் வேலைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு தலைவலி வந்தது, ஒரு கூட்டம் வந்தது, ஒரு விடைத்தாள் கட்டு வந்தது. வார்டு வாசலைத் தாண்டாமலே வருஷங்கள் ஓடின.

எத்தனையோ பிள்ளைகள் தேறிப் போனார்கள். அவர்களில் கெட்டிக்காரி, 'முதல் பெஞ்சு' என்று எல்லோரும் கூப்பிட்ட பெண். கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கை உயரும். மேடம் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்வாள். அவள் வெளிநாடு போகப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த சில மாதத்திலேயே மூத்த நர்சுகள் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பிவிட, வார்டுப் பொறுப்பே அவள் கைக்கு வந்துவிட்டது. மேடத்துக்கு இனிப்புப் பெட்டியோடு வந்து சொல்லிவிட்டுப் போனாள். மேடம் பெருமைப்பட்டாள், இல்லையென்று சொல்லக் கூடாது.

அந்தப் பெருமை, அக்கா தையல் மிஷின் மேலேயே சரிந்து விழுந்த அன்று காணாமல் போனது.

பக்கவாதம். வலக் கை போயிற்று, வலக் கால் போயிற்று. எல்லாவற்றையும்விடக் கொடுமை, அந்த வாய் போயிற்று. பேச்சு வரவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அக்கம்பக்கத்தார் பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று அத்தான் போனில் சொன்னதும் மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"அத்தான், வேற எங்கயாவது கொண்டு போயிடலாம்."

"என்ன பாப்பா பேசறே? அசைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அங்க இருக்கிற நர்ஸுங்க எல்லாம் உன் பிள்ளைங்கதானே? நமக்கென்ன கவலை?"

அத்தான் வெள்ளை மனசுக்காரர். மேடம் போனை வைத்தாள். உன் பிள்ளைங்கதானே. அதுதான் அத்தான் கவலையே என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

வார்டு வாசலில் வந்து நின்றாள். பழைய வேர்வை உள்ளங்கைக்குத் திரும்பி வந்தது. உள்ளே எங்கு பார்த்தாலும் தெரிந்த முகங்கள். ஊசி நிரப்பிக்கொண்டிருந்தவள் கடைசி பெஞ்சில் தூங்கியவள். டிரிப்பைத் திருகிக்கொண்டிருந்தவள் தசமக் கணக்கில் எப்போதும் சறுக்குபவள். எல்லோரும் "குட்மார்னிங் மேடம்" என்று மலர்ந்து சிரித்தார்கள். யாருக்கு என்ன தெரியாது என்று இந்த உலகத்திலேயே முழுசாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அக்கா ஒரு பக்கமாகக் கோணிய வாயோடு படுத்திருந்தாள். தங்கையைப் பார்த்ததும் இடக் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கண்ணில் மேடம் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. அக்காவும் பயந்துபோயிருந்தாள்.

தட்டைத் தூக்கிக்கொண்டு முதல் பெஞ்சு வந்தாள். தட்டில் குழாய், சிரிஞ்சு, ஒரு டம்ளர் சத்துப் பால்.

"மேடம், டாக்டர் டியூப் ஃபீடிங் ஆரம்பிக்கச் சொல்லிட்டார். கூட இருக்கிறவங்கள எல்லாம் வெளிய அனுப்பிடுவோம், நீங்க இருங்க." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நீங்க பயப்படாதீங்க மேடம். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே செய்யறேன்" என்றாள்.

நான் செய்கிறேன் என்று சொல்லவேண்டும். சொல்ல வாய் வரவில்லை. உயிருள்ள ஒரு உடம்பைத் தொட்டு எவ்வளவு காலமாயிற்று? கை நடுங்கித் தப்பு நடந்தால் அது அக்காவாயிற்றே. இந்தப் பெண்ணாவது நடுங்காமல் நிற்கிறாள். இப்படி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, அன்று உயிர் போன மனிதரின் ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றதுபோலவே நின்றாள்.

முதல் பெஞ்சு அக்காவின் தலையைத் தலையணையில் மல்லாக்கச் சாய்த்தாள். மகாராணி படுத்திருப்பாளே, அச்சு அசலாக அப்படி. உட்காரவைத்து முகவாயைக் கீழே இறக்கினால்தான் வயிற்று வழி திறக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அவளும் அதை எழுதி மார்க் வாங்கியவள்தான். ஆனால் கை பழகியது வேறு. மூக்கு நுனியிலிருந்து காது, காதிலிருந்து மார்புக்குழி வரைக்கும் குழாயை அளந்துகொண்டு, மூக்கில் விட்டுத் தள்ளினாள்.

"அவ்வளவுதாங்க அக்கா. மெதுவா, மெதுவா."

அக்காவின் கண்ணில் நீர் கோத்தது. தொண்டையில் பூனைக்குட்டி முனகுவதுபோல் ஒரு சத்தம். நல்ல தொண்டையாக இருந்தால் அது இருமலாக வெடித்திருக்கும். இடக் கை கட்டில் கம்பியைத் தட்டியது. முதல் பெஞ்சுக்கு அதெல்லாம் எட்டவில்லை, மகாராணி இருமியதும் இல்லை, தட்டியதும் இல்லை. மூக்கில் பிளாஸ்திரி ஒட்டினாள். சிரிஞ்சை மாட்டினாள். இழுத்தாள்.

சிரிஞ்சு வெறுமையாக இருந்தது.

"வந்திருக்கு மேடம்" என்றாள் முதல் பெஞ்சு.

அவள் பொய் சொல்லவில்லை. சிரிஞ்சை அவள் பார்க்கவே இல்லை. வகுப்பில் பார்ப்பதுபோல மேடத்தின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடத்தின் தலை, அத்தனை வருஷப் பழக்கத்தில், தானாக ஆடியது.

முதல் பெஞ்சு பால் டம்ளரை எடுக்கத் திரும்பினாள்.

தலையை ஆட்டியபிறகுதான் மேடத்துக்குத் தான் ஆட்டியது உறைத்தது. குழாயைப் பார்த்தாள். கண்ணாடிபோன்ற அந்தக் குழாயின் உட்பக்கம் அக்கா மூச்சு விடும்போதெல்லாம் மங்கலாக ஈரம் படிந்தது, இழுக்கும்போது மறைந்தது. வயிறு மூச்சு விடாது. கம்பியைத் தட்டிய அக்காவின் கை ஓயத் தொடங்கியிருந்தது. அன்றைக்கு ஜன்னலோரத்தில் கூப்பிட்ட குரல் ஓய்ந்ததுபோல.

"நிறுத்து" என்று குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம்?"

"வரலைம்மா. சிரிஞ்சப் பாரு. ஒண்ணுமே வரல."

முதல் பெஞ்சு பார்த்தாள். அவள் முகத்தில் குற்றவுணர்ச்சி எதுவும் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "எப்பவுமே ஒண்ணும் வராதுதானே மேடம்?" என்றாள்.

செருப்பால் அடித்திருந்தாலும் மேடத்துக்கு அவ்வளவு வலித்திருக்காது. பதில் சொல்ல நேரம் இல்லை. பிளாஸ்திரியைப் பிய்த்து, குழாயை வெளியே எடுத்தாள். அக்கா காற்றை வாரி வாரி விழுங்கினாள். மூச்சு நிதானப்பட்டதும் தலைமாட்டை உயர்த்தி, அக்காவை உட்காரவைத்து, முகவாயை நெஞ்சை நோக்கி இறக்கினாள். புதுக் குழாயை எடுத்தபோது கை அப்படி நடுங்கியது. ஒளித்துவைக்கப் பாக்கெட்டும் இல்லை. அக்கா அந்தக் கையையே பார்த்தாள். பிறகு தன் நல்ல கையை நீட்டி, தங்கையின் இடது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எச்சில் முழுங்கப் பாரு. முடிஞ்ச வரைக்கும். நான் பாத்துக்கறேன்."

அக்கா முயன்றாள். ஒவ்வொரு முயற்சிக்கும் மேடம் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். நின்றாள். மூச்சைப் பார்த்தாள். விட்டாள். சிரிஞ்சை மாட்டி இழுத்தாள். இளம் பச்சையும் மஞ்சளுமாக நீர் ஏறி வந்தது.

முதல் பெஞ்சு குனிந்து பார்த்தாள். "இது என்ன மேடம்?"

"இதத்தான்ம்மா நீ இவ்வளவு நாளா வந்திருக்கு வந்திருக்குன்னு சொல்லிட்டிருந்தே."

அந்தப் பெண் கெட்டிக்காரி என்று முன்னமே சொன்னேன். அவளுக்குப் புரிந்துபோனது. முகம் வெளிறிப்போய், அவள் கண் மெல்ல வார்டு முழுவதும் நகர்ந்தது. பால் பாட்டில் தொங்கிய கட்டில்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தன.

"யாரெல்லாம் போட்டீங்க?" என்றாள் மேடம். கேட்கும்போதே பதிலுக்குப் பயந்தாள்.

"நாங்கதான் மேடம். எங்க பேட்ச்தான்." கையை நீட்டிக் காட்டினாள். "அந்த ஜன்னலோரத்துப் பெரியவருக்கு... காலைல நான் போட்டேன்."

மேடம் கிளம்பப் பார்த்தாள். அக்கா மணிக்கட்டை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள். அத்தனை பயத்திலும் அக்காவின் கண் 'போ' என்று சொன்னதாக மேடத்துக்குத் தோன்றியது. அது அவள் ஆசையாகவும் இருக்கலாம்.

ஜன்னலோரக் கட்டிலில் பெரியவர் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் அவர் மகள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சிஸ்டர், அப்பாவுக்குக் காலைலேர்ந்து மூச்சு இழுக்குது" என்றாள் அவள். "பசியா இருக்கும்னு இப்பதான் கொஞ்சம் வேகமா விடச் சொன்னேன்."

சிஸ்டர். வாசல் அந்தப் பக்கம்தான் இருந்தது. போனால் யாரும் தடுக்கமாட்டார்கள். பால் குழாயின் திருகை மூடிவிட்டு, மூக்குக் குழாயில் காலி சிரிஞ்சை மாட்டி முதல் பெஞ்சின் கையில் கொடுத்தாள்.

"இழு. என் முகத்தப் பாக்காத. அதப் பாரு."

முதல் பெஞ்சு இழுத்தாள். வழக்கம்போல வாய் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு, சிரிஞ்சைப் பார்த்தாள்.

"வரல மேடம்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் ஒரு மாணவி அந்த வார்த்தையைச் சொல்லி மேடம் கேட்டது அதுதான் முதல் தடவை. "குழாய எடுத்துட்டுத் தலைமாட்ட ஒசத்து, ஆக்ஸிஜன் வை" என்று சொல்லிவிட்டு, வார்டு அதிர டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். இந்த முறை அவள் மெதுவாகப் போகவில்லை.